விடுமுறையில் ஊருக்கு வந்து பல் கட்டுவது: புதுச்சேரி, கடலூர் வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரான்சிலும் ரீயூனியனிலும் குடியிருக்கும் புதுச்சேரிக்காரர்கள், சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள், குவைத், சவூதி, துபாயில் வேலை பார்க்கும் கடலூர் மாவட்டத்தார் எனப் பலரும் பல் வேலையை லீவுக்குத் தள்ளிவைத்து ஊருக்கு வருகிறார்கள். பணம் மிச்சமாவது உண்மை. ஆனால் எலும்பும் ஈறும் ஆறும் வேகம் நம் டிக்கெட் தேதியைப் பார்த்து மாறாது. பெரும்பாலான சிக்கல்கள் அந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

எதை ஊரில் செய்துகொள்வது லாபம்? எதை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்?

இதை யோசிக்காமலே பலர் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். பிரான்சில் இருப்பவர்கள் முதலில் அந்நாட்டு அரசின் ‘100% சாந்தே’ திட்டத்தைப் பார்க்க வேண்டும். கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை), பிரிட்ஜ் (போன பல்லைப் பக்கத்துப் பற்களோடு இணைத்துக் கட்டுவது) இரண்டுக்கும் 2020 முதலும், கழற்றி மாட்டும் பல் செட்டுக்கு 2021 முதலும் இது நடைமுறையில் இருக்கிறது. விதிகளுக்கு உட்பட்ட மியூத்யுவெல் எனும் துணைக் காப்பீடு உங்களிடம் இருந்தால், குறிப்பிட்ட வகைக் கேப்புகளுக்குக் கையிலிருந்து ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. வெளியே தெரியும் முன்பற்கள், கோரைப்பல், முதல் முன்கடைவாய்ப்பல் ஆகியவற்றுக்கு உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய மெட்டல் செராமிக் கேப்பும், கடைவாய்ப்பல் தவிர்த்த பற்களுக்கு ஒரே கட்டியில் செதுக்கிய, சிர்கோனியா எனும் கெட்டியான பீங்கான் கேப்பும், எந்தப் பல்லுக்கும் முழு உலோகக் கேப்பும் இதில் அடங்கும். அங்கே இலவசமாகக் கிடைக்கும் முன்பல் கேப்புக்காகப் புதுச்சேரி வரை வர வேண்டிய தேவை இல்லை.

இம்பிளான்ட், அதாவது தாடை எலும்பில் திருகு இறக்கி அதன் மேல் பல் கட்டுவது, வேறு கதை. பிரான்சின் அரசுக் காப்பீடு இம்பிளான்டுக்குப் பணம் தருவதில்லை. மியூத்யுவெல்லும் ஆண்டுக்கு ஒரு சிறு தொகையோடு நிறுத்திக்கொள்ளும். பிரான்சிலிருந்து வருபவர்களுக்கு உண்மையான மிச்சம் இம்பிளான்டிலும், கடைவாய்ப்பல் சிர்கோனியா கேப்பிலும்தான்.

சிங்கப்பூர்க் குடிமக்களிடம் சாஸ் (CHAS) எனும் அரசு மருத்துவ மானிய அட்டை நீல அல்லது ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் வேர் சிகிச்சை (வேருக்குள் கெட்ட நரம்பை எடுத்து அடைப்பது), கேப் போன்ற பல் வேலைகளுக்கு மானியம் உண்டு. எதற்கு எவ்வளவு என்பது அட்டையின் நிறத்தைப் பொறுத்தது. இம்பிளான்ட் போன்ற அறுவை வேலைகளுக்கு மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணத்தையும் எடுக்கலாம். இவற்றைக் கழித்த பிறகு உங்கள் கையிலிருந்து போவது எவ்வளவு என்று பார்த்துவிட்டு ஊர் விலையோடு ஒப்பிடுங்கள். வளைகுடாவில் கம்பெனிக் காப்பீடு பெரும்பாலும் வலிக்கு மாத்திரை, பல் எடுப்பது, சாதாரண அடைப்பு வரைதான் வரும். கேப், இம்பிளான்ட் என்றால் சொந்தப் பணம். அவர்களுக்கு ஊர்தான் தோது.

ஊரில் செலவு எவ்வளவு ஆகும்?

தனியார் கிளினிக்குகளில் பொதுவாகக் கேட்கும் தொகை இது. வேர் சிகிச்சை ஒரு பல்லுக்கு ரூ.3,000 முதல் 8,000 வரை. மெட்டல் செராமிக் கேப் ரூ.3,000 முதல் 6,000. சிர்கோனியா ரூ.6,000 முதல் 15,000. கொரிய, இஸ்ரேலிய இம்பிளான்ட் கேப்போடு சேர்த்து ரூ.25,000 முதல் 45,000. சுவிஸ் கம்பெனி என்றால் அதற்கும் மேல். பிரான்சில் ஒரு இம்பிளான்ட் கேப்போடு 1,500 முதல் 2,500 யூரோ வரை ஆகிறது. வித்தியாசம் பெரியதுதான்.

ஆனால் விலை கேட்கும்போது “இம்பிளான்ட் எவ்வளவு?” என்று மட்டும் கேட்காதீர்கள். திருகு, அதன் மேல் உட்காரும் இணைப்புத் துண்டு, கேப், தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன், தேவைப்பட்டால் எலும்பு குறைவான இடத்தில் நிரப்பும் எலும்புத் தூள் என ஐந்து தனித்தனிக் கணக்கு இருக்கிறது. சில இடங்களில் சொல்லும் குறைந்த விலை திருகுக்கு மட்டும். ஐந்துக்கும் தனித்தனித் தொகை எழுதி வாங்குங்கள். மருத்துவ சேவைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லில் வேர் சிகிச்சைக்கோ இம்பிளான்டுக்கோ ஜி.எஸ்.டி. சேர்த்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

எத்தனை நாள் லீவு வேண்டும்?

வேலையைப் பொறுத்தது.

பல் சுத்தம், சொத்தை அடைப்பு என்றால் இரண்டு மூன்று நாள் போதும். வேர் சிகிச்சையும் கேப்பும் என்றால் 3 வாரம் வைத்துக்கொள்ளுங்கள். சீழ் இல்லாத பல்லுக்கு ஒரே அமர்வில் வேர் சிகிச்சையை முடித்துவிடலாம். சீழ் பிடித்த பல்லுக்கு உள்ளே மருந்து வைத்து ஒரு வாரம் விட்டு மறுபடி பார்ப்பதே நல்லது. முடிந்த பிறகு ஒரு வாரம் கடித்துப் பார்த்து வலி இல்லை என்று உறுதியானதும் பல்லைச் செதுக்கி அளவு எடுக்க வேண்டும். அளவு லேபுக்குப் போய்க் கேப்பாகத் திரும்பி வர 5 முதல் 7 நாள். கேப் ஒட்டிய பிறகும் ஊரில் 4, 5 நாள் இருங்கள். ஏனென்றால் ஒட்டும்போது தாடை மரத்திருக்கும். கேப் ஒரு முடி அளவு உயரமாக இருந்தாலும் அன்றைக்குத் தெரியாது. இரண்டு நாள் இட்லி, சோறு, முறுக்கு என்று எல்லாம் கடித்துப் பார்த்த பிறகுதான் “இங்கே மட்டும் முதலில் இடிக்குது” என்று தெரியும். கார்பன் தாளை இடையே வைத்துக் கடிக்கச் சொல்லி, மை அழுந்திய இடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய 5 நிமிடம் போதும். அதைச் செய்யாமல் விமானம் ஏறினால் அந்தப் பல்லின் வேரைச் சுற்றி வீங்கி, அங்கே மறுபடி மருத்துவரைத் தேட வேண்டியிருக்கும்.

இம்பிளான்டுக்கு இரண்டு பயணம் என்று கணக்குப் போடுங்கள். டைட்டானியத் திருகைத் தாடை எலும்பில் இறக்கிய பிறகு எலும்பு அதன் மேல் வளர்ந்து இறுகப் பிடிக்க வேண்டும். டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டிக்கொள்ளும் என்பதை ஸ்வீடன் மருத்துவர் பிரோனெமார்க் 1952-இல் கண்டறிந்தார். 1965-இல் முதல் மனிதருக்கு வைத்தார். இன்று வரை எல்லா இம்பிளான்டும் அந்த ஒட்டுதலை நம்பித்தான் நிற்கின்றன. கீழ்த்தாடைக்குச் சுமார் 3 மாதம், மேல்தாடை எலும்பு மெத்தென்று இருப்பதால் 4 முதல் 6 மாதம். எலும்புத் தூள் வைத்துக் கட்டினால் அது ஆறத் தனியாக 4 முதல் 6 மாதம்.

ஆகவே வளைகுடாக்காரர்களுக்கு நல்ல கணக்கு இது: இந்த லீவில் பல்லை எடுத்து, எலும்பு நன்றாக இருந்தால் அப்போதே திருகையும் வைத்துக்கொள்வது, அடுத்த லீவில் வந்து கேப். நடுவில் ஒரு வருடம் ஆனாலும் எலும்புக்குள் மூடிவைத்த திருகுக்கு ஒன்றும் ஆகாது. பல் இல்லாத இடைவெளியில் பக்கத்துப் பல் சாயாமல் இருக்கவும், எதிர்ப் பல் நீண்டு வராமல் இருக்கவும், கழற்றி மாட்டும் தற்காலிகப் பல் ஒன்று செய்துகொண்டு போனால் போதும்.

“மூன்றே நாளில் நிலையான பல்” என்று விளம்பரம் செய்கிறார்களே?

அப்படி ஒரு முறை இருக்கிறது. நீளமான திருகுகளைத் தாடையின் அடி எலும்பு வரை சாய்த்து இறக்கி, எல்லாவற்றையும் ஒரே பிரிட்ஜால் பிணைத்துவிடுவார்கள். எல்லாப் பல்லும் போன, சாதாரண இம்பிளான்டுக்கு எலும்பே இல்லாத சிலருக்கு இது உதவலாம். ஆனால் ஒன்றிரண்டு திருகு பழுதானால் மொத்தப் பிரிட்ஜையும் கழற்ற வேண்டும். இந்த வகைத் திருகுகளைக் கையாளத் தெரிந்தவர்கள் பிரான்சிலோ சிங்கப்பூரிலோ அரிது. கெடுபிடியான லீவு என்பதற்காக மட்டும், நன்றாக இருக்கும் பற்களைப் பிடுங்கி இதற்குச் சம்மதிக்க வேண்டாம். பிடுங்கிய பல்லை யாராலும் திருப்பித் தர முடியாது.

ஒரு பல் போன இடத்தில் அன்றைக்கே திருகும் தற்காலிகப் பல்லும் வைப்பது வேறு. திருகு இறங்கும்போது முறுக்கு விசையில் 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவுக்கு இறுக்கம் கிடைத்தால், அதுவும் முன்பல் என்றால், கடிக்காத மாதிரி உயரம் குறைத்து ஒரு பல் வைப்பார்கள். அது அழகுக்கு. அந்தப் பல்லால் கரும்பு கடிப்பதற்கு இல்லை.

கிளம்பும் முன்பே என்ன அனுப்பி வைக்க வேண்டும்?

ஆறு மாதத்துக்குள் எடுத்த, முழு வாயையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, இம்பிளான்ட் என்றால் சி.பி.சி.டி. ஸ்கேன், நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரும் அளவும், சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. முடிவு. ஸ்கேனைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பயன் இல்லை. எலும்பின் உயரத்தையும் அகலத்தையும் அதில் அளக்க முடியாது. ஸ்கேன் மையத்தில் ‘டைகாம்’ எனும் மூலக் கோப்பாகக் கேட்டு வாங்கி, கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள். பிரான்சில் செயற்கைப் பல் வேலைக்கு முன் மருத்துவர் ‘தெவி’ எனப்படும் எழுத்து மூல மதிப்பீடு தந்தே ஆக வேண்டும். அதையும் சேர்த்து அனுப்பினால் ஊர் மருத்துவர் அதே திட்டத்தைப் பார்த்துப் பேசலாம்.

பல் எண்ணைத் தெரிந்துகொள்வது பெரிய உதவி. இந்தியா, பிரான்ஸ், சிங்கப்பூர், மலேசியா எல்லா இடத்திலும் ஒரே இரட்டை எண் முறைதான். முதல் இலக்கம் வாயின் கால் பகுதி: உங்கள் வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. இரண்டாம் இலக்கம் நடுவிலிருந்து பின்னால் எண்ணும் வரிசை. நடு முன்பல் 1, கோரைப்பல் 3, முதல் கடைவாய்ப்பல் 6, ஞானப்பல் 8. ஆக 36 என்றால் இடது கீழ் முதல் கடைவாய்ப்பல். பலருக்கும் முதலில் சொத்தையாவது முதல் கடைவாய்ப்பல்தான். அமெரிக்காவில் 1 முதல் 32 வரை நேராக எண்ணுவார்கள். அங்கிருந்து வரும் காகிதத்தில் 19 என்று இருப்பது இங்கே 36. இந்தக் குழப்பத்தில் தவறான பல்லுக்குத் திட்டம் போட்டுவிடக் கூடாது.

நல்ல மருத்துவரை எப்படித் தெரிந்துகொள்வது?

பி.டி.எஸ். முடித்தவர் எல்லா அடிப்படை வேலையும் செய்யலாம். சிக்கலான வேலைக்கு எம்.டி.எஸ். எந்தத் துறையில் என்று பாருங்கள். வேர் சிகிச்சைக்கு எண்டோடான்டிக்ஸ், கேப், பிரிட்ஜ், செட்டுக்குப் பிராஸ்தோடான்டிக்ஸ், ஞானப்பல் அறுவைக்கும் எலும்பு வேலைக்கும் ஓரல் சர்ஜரி, ஈறு நோய்க்குப் பெரியோடான்டிக்ஸ். பல கிளினிக்குகளில் இவர்கள் வாரத்தில் குறிப்பிட்ட நாள் மட்டும் வந்து போவார்கள். உங்கள் லீவில் அவர்கள் வரும் நாட்கள் எத்தனை என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மருத்துவருக்கு மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். மருந்துச் சீட்டில் அது அச்சாகியிருக்க வேண்டும்.

கிளினிக்கில் உட்கார்ந்தபடியே நீங்கள் பார்க்கக்கூடியவை சில. கருவிகள் ஒரு பக்கம் காகிதமும் ஒரு பக்கம் கண்ணாடித் தாளுமாக ஒட்டிய பையில் இருக்க வேண்டும். அந்தப் பையை உங்கள் முன்னால் கிழிக்க வேண்டும். பையின் ஓரத்தில் உள்ள சிறு அம்பு நிறம் மாறியிருந்தால் அது ஆட்டோகிளேவ் எனும் நீராவிக் கிருமிநீக்கிக்குள் போய் வந்திருக்கிறது. 121 டிகிரி நீராவியில் 15 நிமிடமோ, 134 டிகிரியில் குறைந்தது 3 நிமிடமோ கருவிகள் வேக வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுப்பது போதாது. வேர் சிகிச்சையின்போது பல்லைச் சுற்றி ‘ரப்பர் டேம்’ எனும் ரப்பர் தாள் கட்டுகிறார்களா என்று பாருங்கள். எச்சில் வேருக்குள் இறங்காது, ஊசி போன்ற பைல் தொண்டைக்குள் விழாது, கழுவும் மருந்து நாக்கைச் சுடாது. அதைக் கட்டுபவர் வேலையை ஒழுங்காகச் செய்பவராக இருப்பார் என்று நாங்கள் தாராளமாக நம்புவோம்.

கோரிமேடு பக்கம் உள்ள மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி, பிள்ளையார்குப்பம் இந்திரா காந்தி பல் மருத்துவக் கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் கட்டணம் குறைவு. எல்லாத் துறையும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. மாணவர்கள் ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியரிடம் காட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்கள். அதனால் தரம் கண்காணிக்கப்படுகிறது, நேரமும் அதிகம் ஆகிறது. மாதக்கணக்கில் ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அருமையான இடம். 20 நாள் லீவுக்குப் பொருந்தாது.

கேப்புக்கு எந்தப் பொருள் நல்லது?

பின்னால் உள்ள கடைவாய்ப்பல்லுக்கு ஒரே கட்டியில் செதுக்கிய சிர்கோனியா. மேலே பூசிய செராமிக் இல்லாததால் சில்லு பெயராது. முன்பல்லுக்குப் பூச்சு உள்ள சிர்கோனியாவோ லித்தியம் டைசிலிக்கேட் எனும் கண்ணாடிப் பீங்கானோ வைத்தால் ஒளி ஊடுருவி இயல்பாக இருக்கும். மெட்டல் செராமிக் நீண்ட காலமாக நன்றாகவே உழைத்துவரும் பொருள். ஒரே குறை, ஈறு கொஞ்சம் இறங்கினால் ஓரத்தில் கருப்புக் கோடு தெரியும். அதில் உள்ளே இருக்கும் உலோகம் பெரும்பாலும் நிக்கல் குரோமியம். கவரிங் கம்மல் போட்டால் காது அரிக்கிறவர்களுக்கு நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம். அவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

நிறம் பார்க்கும்போது ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டில் எடுத்த நிறம் வெளியே வேறாகத் தெரியும். உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டு, பல் ஈரமாக இருக்கும்போதே, வேலை தொடங்கும் முன் எடுக்க வேண்டும். வாய் திறந்து அரை மணி நேரம் ஆகிவிட்டால் பல் காய்ந்து வெளுத்துக் காட்டும். தேர்ந்தெடுத்த நிற எண் ஏ2-ஆ ஏ3-ஆ என்று குறித்துக்கொள்ளுங்கள். பல் வெளுப்பாக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்து இரண்டு வாரம் கழித்து நிறம் எடுங்கள். பிறகு வெளுப்பாக்கினால் கேப் மட்டும் பழைய நிறத்தில் நிற்கும்.

சொத்தையே இல்லாத பற்களுக்கும் வரிசையாகக் கேப் போடச் சொல்கிறார்கள். சரியா?

சரியில்லை. கேப்புக்காக ஒரு பல்லின் சுற்றுப்புறத்தில் 1 முதல் 1.5 மி.மீ., கடிக்கும் பரப்பில் 1.5 முதல் 2 மி.மீ. வரை செதுக்க வேண்டும். எனாமல் போய்விடும். உயிருள்ள நரம்புக்கு அவ்வளவு கிட்டே போவதால் சில பற்களின் நரம்பு ஓரிரு ஆண்டில் செத்து, கேப்பில் ஓட்டை போட்டு வேர் சிகிச்சை செய்ய வேண்டி வரும். சிறு கோணல், சிறு இடைவெளி, மஞ்சள் நிறம் இவற்றுக்குப் பல் கிளிப், பல் நிறப் பிசினான கம்போசிட் பூச்சு, வெளுப்பாக்கல் என்று பல்லைத் தொடாத அல்லது கொஞ்சமாகவே தொடும் வழிகள் இருக்கின்றன. ஒரே வாரத்தில் 20 பல்லுக்குக் கேப் என்று யாராவது திட்டம் தந்தால், ஒவ்வொரு பல்லின் எண்ணுக்கு எதிரே காரணம் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர முடியாத பல்லை விட்டுவிடுங்கள்.

சர்க்கரை, இதய மாத்திரை, எலும்புத் தேய்மான ஊசி இருப்பவர்கள்?

சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் எல்லாம் செய்யலாம். எச்.பி.ஏ.1.சி. 8-ஐத் தாண்டினால் பல மருத்துவர்கள் இம்பிளான்டைத் தள்ளிப்போடுவார்கள். புண் ஆறாது, தொற்று எளிதில் பிடிக்கும்.

ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவே கூடாது. பல் எடுத்த இடத்தில் ரத்தம் கசிந்தால் பஞ்சு வைத்துக் கடித்தும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம். இதய ஸ்டென்டில் ரத்தக் கட்டி அடைத்தால் அது உயிர்ப் பிரச்சினை. வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் வேலைக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் எடுத்த, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். முடிவோடு போனால் போதும். செயற்கை இதய வால்வு இருப்பவர்களுக்குப் பல் எடுக்கும் முன் அமாக்சிசிலின் 2 கிராம் ஒரே வேளையாக, 30 முதல் 60 நிமிடம் முன்னதாகத் தருவார்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் மாத்திரை, வருடத்துக்கு ஒரு முறை சோலட்ரோனிக் ஊசி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை டெனோசுமாப் ஊசி போடுபவர்கள் இதைப் பல் மருத்துவரிடம் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அது பல்லுக்குச் சம்பந்தமில்லாத மருந்து என்ற எண்ணம். பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் அபாயம் இந்த மருந்துகளால் வருகிறது. புற்றுநோய்க்கு இதே ஊசியைக் கூடுதல் அளவில் போட்டவர்களுக்கு அபாயம் பல மடங்கு. பாட்டிக்கு இம்பிளான்ட் வைக்கத் திட்டமிடும் முன் அவர் கைப்பையில் உள்ள பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் ஒரு முறை பாருங்கள்.

புகைப்பவர்களுக்கு இம்பிளான்ட் தோற்கும் வாய்ப்பு கூடுதல். வேலைக்கு ஒரு வாரம் முன்பும், முடிந்து 8 வாரம் வரையும் தொடாமல் இருக்க முடியும் என்றால் மட்டும் இறங்குங்கள்.

பல் வேலை முடிந்து எப்போது விமானம் ஏறலாம்?

கேப், அடைப்பு என்றால் மறுநாளே ஏறலாம், கடித்துப் பார்க்க வேண்டிய நாட்களைத் தவிர. சாதாரணமாகப் பல் எடுத்தால் 2 நாள். ஆனால் எடுத்த குழியில் ரத்தக் கட்டி கரைந்து எலும்பு தெரியும் ‘டிரை சாக்கெட்’ வலி, பல் எடுத்த 2 முதல் 4-ஆம் நாளில்தான் தொடங்கும். அது காது வரை இழுக்கும். அதனால் ஒரு வாரம் ஊரில் இருப்பது உத்தமம். இம்பிளான்டுக்கும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள், தையலும் பிரித்துவிடலாம். மேல்தாடைக்கு மேலே உள்ள சைனஸ் எனும் காற்றறையின் அடிச் சவ்வை உயர்த்தி எலும்புத் தூள் வைத்திருந்தால் குறைந்தது 2 வாரம். விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட 2,000 மீட்டர் மலை உயரத்துக்குச் சமம். சைனஸுக்குள் இருக்கும் காற்று விரிந்து ஆறாத சவ்வைக் கிழிக்கலாம். அந்த 2 வாரமும் மூக்கைச் சிந்தவும் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

பாதி முடிந்த வேர் சிகிச்சையோடு ஏறுவதுதான் மோசம். உள்ளே சிக்கிய வாயு பறக்கும்போது விரிந்து வலிக்கும்.

கிளம்பும் முன் எந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்க வேண்டும்?

இம்பிளான்ட் பெட்டியில் ஒட்டி எடுக்கும்படியான ஸ்டிக்கர் ஒன்று இருக்கும், பெரும்பாலும் தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரியது. அதில் கம்பெனி பெயர், மாடல், குறிப்பு எண், லாட் எண், விட்டமும் நீளமும், காலாவதி தேதி எல்லாம் இருக்கும். 4.0 x 10 என்றால் 4 மி.மீ. விட்டம், 10 மி.மீ. நீளம். அந்த ஸ்டிக்கரை உங்கள் அட்டையில் ஒட்டி வாங்குங்கள். இணைப்புத் துண்டுக்கும் தனி ஸ்டிக்கர் உண்டு. ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், இரண்டு வருடம் கழித்துப் பாரிசிலோ குவைத்திலோ திருகு தளர்ந்தால், அங்கே உள்ள மருத்துவருக்கு அதைக் கழற்றச் சரியான சாவி வேண்டும். சில கம்பெனிக்கு அறுகோண முனை, சிலவற்றுக்கு நட்சத்திர முனை. ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. கம்பெனி தெரியாவிட்டால் அவர் கைவைக்கவே மாட்டார். அதே காரணத்தால், உலகம் முழுவதும் கிடைக்கும் கம்பெனியையே தேர்ந்தெடுங்கள். ஸ்ட்ராமன், நோபல் பயோகேர், ஆஸ்டெம், எம்.ஐ.எஸ். போன்றவற்றுக்குப் பல நாடுகளில் உதிரி கிடைக்கும்.

இன்னொன்று. கேப்பைத் திருகால் பொருத்துவதா, சிமென்டால் ஒட்டுவதா என்று கேளுங்கள். முடிந்தவரை திருகு முறையைக் கேளுங்கள். மேலே உள்ள அடைப்பை எடுத்துவிட்டு எந்த ஊர் மருத்துவரும் அதைக் கழற்றி மாட்டலாம். சிமென்ட் முறையில் ஈறுக்கு அடியில் ஒட்டிக்கொண்ட மிச்சச் சிமென்ட் பின்னாளில் சீழ் பிடித்து எலும்பை அரிக்கும். இணைப்புத் திருகை எத்தனை நியூட்டன் சென்டிமீட்டரில் இறுக்கினார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். கம்பெனியைப் பொறுத்துப் பொதுவாக 25 முதல் 35 வரை இருக்கும்.

இவற்றோடு, வேர் சிகிச்சைக்கு முன், நீளம் அளக்கும்போது, முடிந்த பின் எடுத்த மூன்று எக்ஸ்ரேக்கள், ஸ்கேன் கோப்பு, ரசீது.

போன பிறகு பிரச்சினை வந்தால்?

தற்காலிகக் கேப் கழன்றால் விழுங்காமல் எடுத்துவைத்துக்கொண்டு அங்கே உள்ள மருத்துவரிடம் ஒட்டச் சொல்லலாம். சூப்பர் கம் போட்டு ஒட்டாதீர்கள். இம்பிளான்ட் கேப் ஆடினால் கடிப்பதை நிறுத்திவிட்டு ஒரு வாரத்துக்குள் இறுக்கச் சொல்லுங்கள். ஆடிக்கொண்டே விட்டால் உள்ளே திருகு முறியும். முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனாலோ ஊர் மருத்துவரின் வாட்ஸ்அப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே அங்கே உள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கிளினிக் “10 வருட வாரன்டி” என்று சொன்னால் அது கேப்புக்கா, உழைப்புக்கா, உங்கள் விமான டிக்கெட்டுக்கா என்று கேட்டுத் தெளிவு பெறுங்கள். டிக்கெட்டுக்கு யாரும் தருவதில்லை.

புதுச்சேரிதான் எப்போதும் மலிவா? ஹங்கேரியின் புடாபெஸ்ட், மலேசியாவின் ஜொகூர் பாரு?

ஊரில் உறவும் வீடும் இருந்து, எப்படியும் வரப்போகிறீர்கள் என்றால் ஊர்தான் மலிவு. பல்லுக்காக மட்டும் டிக்கெட் எடுப்பதாக இருந்தால் கணக்கு மாறும். பிரான்சிலிருந்து ஹங்கேரிக்குப் பலர் பல் வேலைக்குப் போகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் என்பதால், 2011-இன் எல்லை தாண்டிய சிகிச்சை விதிப்படி, பிரான்சில் எந்த வேலைக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்குமோ அந்த அளவுக்கு அங்கே செய்ததற்கும் கேட்கலாம். திட்டமிட்டு இந்தியாவில் செய்துகொள்ளும் பல் வேலைக்கு அந்தச் சலுகை இல்லை. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஜொகூர் பாரு பாலம் தாண்டினால் வந்துவிடும். கேப் உயரம் சரிசெய்யச் சனிக்கிழமை போய்விட்டு வரலாம். ஒன்றிரண்டு பல்லுக்கு அதுவே போதும்.

விசா, பணம், காப்பீடு?

இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் விசா தேவையில்லை. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்து, ஓ.சி.ஐ. இல்லாமல், சிகிச்சைக்காகவே வருபவர்கள் இ-மெடிக்கல் விசா எடுக்க வேண்டும். 60 நாள், மூன்று முறை வந்து போகலாம். மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் கேட்பார்கள். ஒருவரிடமிருந்து ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. பெரிய வேலை என்றால் வங்கி வழியாகவோ கார்டிலோ கட்டி ரசீது வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தொகையையும் முதல் நாளே கட்ட வேண்டாம். திருகு வைத்ததும் ஒரு பகுதி, கேப் ஒட்டியதும் மீதி. பயணக் காப்பீடு திடீர் பல்வலிக்குத்தான், திட்டமிட்ட வேலைக்கு இல்லை.

எந்த மாதம் வருவது நல்லது?

ஜூலை, ஆகஸ்டிலும் டிசம்பரிலும் பிரான்சிலிருந்து வருபவர்கள் அதிகம் என்பதால் புதுச்சேரியில் நேரம் கிடைப்பது சிரமம். இரண்டு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளியை ஒட்டி லேப் மூடியிருக்கும். அந்த வாரத்தில் அளவு கொடுத்தால் கேப் உங்கள் விமானத்துக்குப் பிறகுதான் வரும். தை பிறந்து ஒரு வாரம் கழித்துப் பிப்ரவரி, மார்ச் தோது.

பெற்றோருக்கு முழுப் பல் செட் கட்ட வேண்டும். நாங்கள் 15 நாள்தான் இருப்போம்.

முழுச் செட்டுக்குச் சாதாரணமாக ஐந்து முறை போக வேண்டும்: முதல் அளவு, துல்லிய அளவு, கடி பதிவு, மெழுகில் அடுக்கிப் பார்ப்பது, மாட்டுவது. 15 நாளில் மாட்டிவிடலாம். ஆனால் மாட்டிய பிறகு ஈறில் புண்ணாகும் இடத்தைத் தேய்க்க இரண்டு மூன்று முறை போக வேண்டும். அதைச் செய்யாததால்தான் பல வீடுகளில் செட் டம்ளரிலேயே கிடக்கிறது. அந்தத் தேய்ப்புக்குக் கூட்டிப்போக ஊரில் யார் இருக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டு அளவு கொடுங்கள். மெழுகில் அடுக்கிப் பார்க்கும் நாளில் மட்டும் நீங்கள் கட்டாயம் உடன் போங்கள். அம்மாவின் பழைய சிரிப்பு எப்படி இருந்தது என்பதைச் சொல்ல உங்களால்தான் முடியும். பழைய கல்யாணப் போட்டோ ஒன்றையும் எடுத்துப் போங்கள்.

வேலை கெட்டுப்போய், கிளினிக் கைவிரித்துவிட்டால் யாரிடம் போவது?

மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2019 சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், பாதிப்பு ஏற்பட்ட 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். இணையம் வழியாகவும் போடலாம். மருத்துவரின் நடத்தை பற்றிய புகார் என்றால் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில். இரண்டு இடத்திலும் உங்கள் வாய்ப்பேச்சு மட்டும் போதாது. ரசீது, எக்ஸ்ரே, எழுதிய சிகிச்சைத் திட்டம், ஸ்டிக்கர் ஒட்டிய அட்டை, அங்கே பார்த்த மருத்துவரின் அறிக்கை இவற்றுக்குத்தான் மதிப்பு. பழுதான கேப்பையோ திருகையோ அங்கே கழற்றினால், அதைத் தூக்கிப்போடாமல் ஒரு சிறு டப்பாவில் தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.